தராசு இல்லாத அறை

சாப்பாட்டோடும் சொந்த உடம்போடும் மல்லுக்கட்டும் பருவப் பெண்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பது நல்ல வைத்தியம். யோசிக்காமல் செய்தால் அதே அறை நோயைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடமாகிவிடும்.

1996 நவம்பர் 23ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தில் உலக அழகிப் போட்டி நடந்தபோது ஊரே இரண்டுபட்டது. அமிதாப் பச்சனின் நிறுவனம் நடத்திய விழா. வெளியே ஆயிரக்கணக்கில் போலீஸ். எதிர்ப்பு வலுத்ததால் நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. மதுரையில் ஒரு இளைஞர் தீக்குளித்து உயிரை விட்டார். கடைசியில் கிரீஸ் நாட்டின் ஐரீன் ஸ்க்லிவா கிரீடம் சூடினார். கலாச்சாரம் கெடுகிறதா, வியாபாரம் வளர்கிறதா என்று அன்று சண்டை நடந்தது. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பெண் தன் இடுப்பைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டவர்கள் குறைவு.

அந்த மைதானத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது நீலசந்திரா. ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஆனேபாளையா என்று சுற்றிலும் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். ஒரே தெருவில் தமிழ், உருது, கன்னடம் மூன்றும் கேட்கும். இங்கே இன்று அழகிப் போட்டிக்கு மைதானம் தேவையில்லை. கைபேசி போதும். போட்டி தினமும் நடக்கிறது. நடுவர்களும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்: "என்னடி இப்படி ஊதிட்டே" என்று கேட்கும் அத்தை, "வெயில்ல சுத்தாதே, கறுத்துடுவே" என்று எச்சரிக்கும் பாட்டி, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் அண்ணன்.

பெரும்பாலான பெண்கள் அழுதுவிட்டு மறந்துவிடுகிறார்கள். சிலர் மறப்பதில்லை. காலை டிபன் நிற்கிறது. மதிய டப்பா தோழிக்குப் போகிறது. ராத்திரி "ஸ்கூல்லயே சாப்பிட்டுட்டேன்". இன்னும் சிலர் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, வீடு தூங்கிய பிறகு கிடைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, குற்ற உணர்ச்சியில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட பெண்களை வாரம் ஒருமுறை ஒரு அறையில் கூட்டி, பேசிப் பேசியே தேற்ற முடியுமா? முடியும் என்கின்றன ஆராய்ச்சிகள். கூடவே ஒரு எச்சரிக்கையும் விடுகின்றன.

பணக்கார வியாதியா?

இது மேல்நாட்டு வியாதி, வசதியான வீட்டு வியாதி என்ற எண்ணம் இன்னமும் இருக்கிறது. பெங்களூர் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர் பிரபா சந்திராவும் மற்றவர்களும் இந்த நகரத்து மனநல மருத்துவர்கள் 66 பேரிடம் விசாரித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர்கள் உணவுக் கோளாறு நோயாளி ஒருவரையாவது பார்த்திருந்தார்கள். அதற்கும் முன்பே சென்னையில் டி.என். ஸ்ரீநிவாசனும் அவரது சகாக்களும் மருத்துவ மாணவர்களிடையே ஆய்வு நடத்தி 1998இல் வெளியிட்டிருந்தார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்கு முழு நோய் இல்லை. ஆனால் சாப்பாடு, எடை பற்றிய ஓயாத அவஸ்தை இருந்தது.

படம் பார்த்தா நோய் வரும் என்று கேட்பவர்களுக்கு பிஜித் தீவு பதில் சொல்கிறது. அங்கே நட்ரோகா பகுதிக்கு டிவி வந்தது 1995இல். அமெரிக்க ஆய்வாளர் ஆன் பெக்கர் அந்த ஆண்டிலும் 1998இலும் பள்ளிப் பெண்களைப் பரிசோதித்தார். எடையைக் குறைக்கத் தானாக வாந்தி எடுப்பவர்கள் முதலில் ஒருவர்கூட இல்லை. மூன்றே ஆண்டில் 11.3 சதவீதம். பருத்த உடம்பைப் பெருமையாக நினைத்து வந்த சமூகம் அது. டிவிக்கே அந்தக் கதி என்றால், கையடக்கத் திரையை என்ன சொல்ல? ஏற்கெனவே உடம்பைப் பற்றிக் கவலைப்படும் பருவப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்குவதாகச் சொன்னார்கள் என்பது அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இருந்தது. 2021இல் அது வெளியே கசிந்தது.

நோய் பேசும் பாஷை

ஆனால் மேல்நாட்டுப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இங்கே நோய் வருவதில்லை. "குண்டாகிவிடுவேனோ என்று பயம்" என்று அந்தப் பெண் சொல்லாமல் இருக்கலாம். "வயிறு உப்பிசம்", "பசியே இல்லை", "சாப்பிட்டா நெஞ்சைக் கரிக்குது" என்பாள். வீட்டில் கஷாயம் கொடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், வேப்பிலை அடிப்பார்கள். ஹாங்காங் மருத்துவர் சிங் லீ 1993இல் வெளியிட்ட ஆய்வில், அனரெக்ஸியா நெர்வோசா என்ற பட்டினி நோய் வந்த 70 பேரில் 41 பேருக்குக் குண்டாகும் பயமே இருக்கவில்லை. தில்லி மருத்துவர்கள் 1995இல் எழுதிய ஐந்து இளம்பெண்களின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

இன்னொரு சிக்கல் விரதம். வெள்ளிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் மூன்றும் நீலசந்திராவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் நடக்கின்றன. பக்தி எது, பட்டினி எது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. 1989இல் மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா இருவரும் வட இந்தியப் பள்ளி மாணவிகள் 580 பேரிடம் மேல்நாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தபோது 29 சதவீதம் பேர் 'நோயாளிகள்' ஆகிவிட்டார்கள். நெருங்கிப் பார்த்தால் பல கேள்விகள் வேறு விதமாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தன. விரதமும் உணவுப் பழக்கமும் நோய்க் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆகவே கேள்வித்தாளை மொழிபெயர்த்தால் போதாது. பெண்ணிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மூன்றாவது, ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பாடு போதாமல் மெலிந்த பெண்ணும் சாப்பாட்டை வெறுத்து மெலிந்த பெண்ணும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இருவரையும் ஒரே குழுவில் தள்ளுவது இருவருக்கும் அநியாயம்.

நான்காவது, நிறம். நம் பெண்களுக்கு உடம்பு என்றால் எடை மட்டுமில்லை. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் மனதை மாற்றிக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். 2009இல் சென்னையில் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொட்டது இந்தப் புண்ணைத்தான். நிறத்தைப் பேசாமல் எடையை மட்டும் பேசும் குழு, நீலசந்திராப் பெண்ணின் பாதிக் கதையைக் கேட்காமல் விடும்.

மருந்தே விஷமான கதை

குழு ஏன்? பருவ வயதில் அம்மா சொல்வதைவிடத் தோழி சொல்வது காதில் ஏறும். எனக்கு மட்டும்தான் இப்படி என்ற வெட்கம், எதிரில் இருப்பவளும் அதையே சொல்லும்போது கரைகிறது. ஒரு ஆலோசகர் எட்டுப் பெண்களை ஒரே நேரத்தில் பார்க்க முடியும் என்பது கூடுதல் லாபம்.

அதே காரணங்கள்தான் ஆபத்தும். 1997இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்து துறையையே உலுக்கின. இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் குழுவினர் 13, 14 வயதுப் பெண்கள் 46 பேருக்கு உணவுக் கோளாறு பற்றி எட்டு வகுப்பு நடத்தினார்கள். முடிந்தவுடன் பார்த்தால் எல்லாம் நன்றாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பெண்கள் முன்பைவிட அதிகமாக உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில், நோயிலிருந்து மீண்ட மாணவிகளை அழைத்துவந்து கல்லூரிப் பெண்களிடம் தங்கள் கதையைச் சொல்லவைத்தார்கள். கேட்டவர்களிடம் அறிகுறிகள் கேட்காதவர்களைவிடச் சற்று அதிகமாகவே தென்பட்டன.

எச்சரிக்கை செய்யப் போய் வழிகாட்டிவிட்டார்கள். 'இத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தேன்' என்பது ஒருத்திக்கு அழுகை. கேட்கும் இன்னொருத்திக்கு அது சாதனைக் கணக்கு. அறையில் மிக மெலிந்தவள் யாரோ அவளே ராணியாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. குழு சிகிச்சையைத் திட்டமிடுவது என்றால் முக்கியமாக இந்த அபாயத்தைத் திட்டமிடுவதுதான்.

யாருக்கு இடம், யாருக்கு ஆஸ்பத்திரி

நீலசந்திரா போன்ற இடத்தில் இப்படியொரு குழு தொடங்க நினைப்பவர் முதலில் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகப் பார்த்தாக வேண்டும். மூன்று பிரிவாக அவர்கள் பிரிவார்கள்.

முதல் பிரிவு, உடனே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள். மயக்கம் போடுகிறவள், சில வாரங்களில் மளமளவென்று இளைத்தவள், மாதவிடாய் நின்றுபோனவள், அடிக்கடி வாந்தி எடுப்பவள், செத்துப்போகலாம் என்று பேசுகிறவள். வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். எடை சாதாரணமாக இருக்கிறது என்பது சமாதானமில்லை. புலிமியா என்ற அமித உணவு நோயில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். நெடுநாள் பட்டினி கிடந்தவளுக்கு ஒரேயடியாகச் சோறு போடுவதும் ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். நல்லவேளை, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸும் கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியும் இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான்.

இரண்டாவது பிரிவு, நோய் இருக்கிறது, உடம்பு ஸ்திரமாக இருக்கிறது. இவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வையோடு குழு சிகிச்சை. மூன்றாவது பிரிவு, நோய் இல்லை, ஆனால் கண்ணாடியைக் கண்டால் முகம் வாடுகிறது. இவர்களுக்குத் தடுப்புக் குழு தனியாக. இரண்டையும் கலந்தால் மூன்றாவது பிரிவுப் பெண் இரண்டாவது பிரிவுப் பெண்ணிடம் பாடம் படிப்பாள்.

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் சரி. நாலு பேர் என்றால் இரண்டு பேர் வராத அன்று கூட்டமே கலைந்துவிடும். பன்னிரண்டு பேர் என்றால் வாயில்லாப் பூச்சிகள் மூலையில் ஒளிந்துகொள்வார்கள். 13 வயதுப் பெண்ணையும் 18 வயதுப் பெண்ணையும் சேர்க்காமல் இருப்பது நல்லது. இடையில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. நடத்துவதற்கு இரண்டு பெண்கள் வேண்டும்: ஒருவர் பேச, இன்னொருவர் பேசாத பெண்களைக் கவனிக்க.

இடமும் நேரமும் சின்ன விஷயமில்லை. வாசலில் 'உணவுக் கோளாறு' என்று போர்டு மாட்டினால் ஒருத்தியும் வர மாட்டாள். மாதா கோயில் ஹால், மசூதிப் பக்கம், கட்சி ஆபீஸ் எதுவானாலும் ஒரு கூட்டம் வரும், இன்னொரு கூட்டம் வராது. பள்ளிக்கூட அறை பொதுவானது. டியூஷனும் வீட்டு வேலையும் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இல்லாத நேரம் பார்க்க வேண்டும். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை மாதத்திலும் ரமலான் மாதத்திலும் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதைவிட முக்கியம், ரகசியம் பற்றிய வாக்குறுதி. நாலு தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். இங்கே பேசியது இங்கேயே இருக்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ பாலியல் கொடுமை தெரியவந்தாலோ ரகசியம் காக்க முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைப் புகார் செய்தே ஆக வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை. மனம் திறந்து பேசிய பிறகு சொன்னால் அது துரோகம்.

எண்களுக்குத் தடை

இனி அறைக்குள். முதல் விதி: எண்கள் கூடாது. எத்தனை கிலோ, எத்தனை கலோரி, என்ன சைஸ், எத்தனை வேளை பட்டினி எதுவும் பேசக் கூடாது. என்ன செய்து இளைத்தேன் என்ற வழிமுறையும் கூடாது. என்ன உணர்ந்தேன் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தராசும் அளவு நாடாவும் இந்த அறைக்குள் வரக் கூடாது. எடை பார்ப்பது மருத்துவரின் வேலை, தனியறையில்.

என்ன பேசுவது? உபதேசம் எடுபடாது என்பது 1997இலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் வேறு வழி கண்டுபிடித்தார். ஒல்லியே அழகு என்ற எண்ணத்தை எதிர்த்து ஆலோசகர் பேசுவதில்லை, பெண்களையே பேசவைக்கிறார். அந்த அழகுக்காக என்னென்ன விலை கொடுக்கிறோம், யார் லாபம் பார்க்கிறார்கள் என்று அவர்களே பட்டியல் போடுகிறார்கள். தங்களைவிடச் சின்னப் பெண் ஒருத்திக்குக் கடிதம் எழுதுகிறார்கள். தன் வாயாலேயே ஒன்றை எதிர்த்துப் பேசியவளுக்கு, பிறகு அதையே நம்புவது கஷ்டமாகிறது. 481 பெண்களிடம் நடந்த ஆய்வில், மூன்று ஆண்டுகளில் புதிதாக நோய் வருவது ஒப்பீட்டுக் குழுவைவிட 60 சதவீதம் குறைந்தது. 2008இல் வெளியான முடிவு. மூன்றே அமர்வுகள்!

நினைவில் வைக்க வேண்டியது, இது மூன்றாவது பிரிவுக்கான தடுப்பு முறை. இந்தியாவிலும் இதே நோக்கத்தோடு முயற்சிகள் நடக்கின்றன. தில்லிப் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளாக நடத்தப்பட்ட ஒரு பாடத்திட்டம் மாணவர்களுக்குத் தங்கள் உடல் மீதான மதிப்பைக் கூட்டியதாக 2023இல் ஆய்வு வெளியானது. நிம்ஹான்ஸ் உருவாக்கிய வாழ்க்கைத்திறன் கல்வி, ஆசிரியர்களைக் கொண்டே கர்நாடகப் பள்ளிகளில் நடத்தப்பட்டது.

நீலசந்திராவில் இதை நடத்துகிறவர் மேல்நாட்டுப் பாடத்தை அப்படியே ஒப்பிக்க முடியாது. நாடகம் நடித்துப் பார்ப்பது இந்த முறையில் முக்கியமான பயிற்சி. இங்கே நடிக்க வேண்டிய காட்சி கடற்கரையோ நீச்சல் குளமோ இல்லை: கல்யாண வீட்டுப் பந்தி. "இன்னொரு பூரி வெச்சுக்கோடி" என்று வற்புறுத்தும் சித்தியே அடுத்த நிமிடம் "இப்படியே போனா எவன் கட்டுவான்" என்கிறார். மரியாதை கெடாமல் அவருக்கு என்ன பதில்? ஒருத்தி சித்தி, ஒருத்தி பெண். பத்து நிமிடத்தில் அறையே சிரிக்கும். அந்தச் சிரிப்பும் சிகிச்சைதான்.

நோய் உள்ள குழுவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரமாவது வேண்டும். பசி என்றால் என்ன, கோபத்தையும் வருத்தத்தையும் வயிற்றின் மேல் காட்டாமல் என்ன செய்வது, பட்டினியும் அமித உணவும் எப்படி ஒன்றையொன்று இழுத்துவருகின்றன என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. ஒவ்வொரு கூட்டத்திலும் சுண்டலோ இட்லியோ சேர்ந்து சாப்பிடுவதும் திட்டத்தில் இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் யாரும் தனியாக எழுந்துபோகாமல் அரைமணி நேரம் விளையாட்டோ பேச்சோ.

அம்மாக்கள் எங்கே?

நம் ஊரில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் வீண். வீட்டில் தட்டில் போடுவது அம்மா. 1987இல் லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியான ஆய்வு, 19 வயதுக்கு முன்பே அனரெக்ஸியா தொடங்கி, நோய் முற்றாதவர்களுக்குத் தனி ஆலோசனையைவிடக் குடும்பத்தோடு செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருவதாகக் காட்டியது. கூட்டுக் குடும்ப உறவு தளராத தமிழ், உருது வீடுகளில் அது இன்னும் பொருந்தும்.

ஆகவே பெண்களுக்கு எட்டு வாரம் என்றால் அம்மாக்களுக்கு மூன்று நாளாவது தனிக் கூட்டம். குற்றம் சாட்டுவதற்கில்லை, அந்த அம்மாவும் அதே சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்தான், ஒருவேளை வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவர். சொல்ல வேண்டியவை கொஞ்சமே. எடையைப் பாராட்டவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். "நல்லா தேறிட்டே" என்ற அன்பான வார்த்தைகூட மீண்டுவரும் பெண்ணுக்குக் குத்தும். தினம் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டைப் பார்த்துப் பேசாதீர்கள். அப்பாவையும் அண்ணனையும் ஒரு நாளாவது வரவழைக்க வேண்டும். பட்டப்பெயர் வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

பலன் தெரிந்ததா என்று எப்படி அறிவது? கடைசி நாள் கைதட்டலை நம்ப முடியாது. இங்கிலாந்துப் பெண்களிடம் தீங்கு தெரிந்தது ஆறு மாதம் கழித்துத்தானே? ஆறாவது மாதம் ஒவ்வொருத்தியையும் மறுபடி தனியாகப் பார்த்தாக வேண்டும். பாதியில் நின்றுபோனவளின் வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும்; பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படுகிறவள் அவள்தான்.

குழு இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையின் இலவச எண் 14416. தமிழிலும் பேசலாம். அதன் தலைமை மையமாகச் செயல்படுவது இதே ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ்தான். கர்நாடக அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கென்று 'சினேகா கிளினிக்' உண்டு.

நிபுணர் வரும்வரை காத்திருக்காமல் எந்த வீடும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவள் சாப்பிட உட்காரும்போது உடம்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது பேசுங்கள். பரீட்சை, சினிமா, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி.